ஏழையின் சாவும் கணக்கில் ஏற வேண்டும்!

சுகாதார இலாகாவில் நோட்டுப் புத்தகம் போய் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. கிராம சுகாதார செவிலியரின் கையில் டேப்லெட் இருக்கிறது. வீடு வீடாக வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பெண் தன்னார்வலரின் கையில் செல்போன் இருக்கிறது. பிறப்பும் இறப்பும் ஆன்லைனில் பதிவாகின்றன. "எல்லாம் நவீனமாகிவிட்டது" என்று மந்திரிகள் மேடைக்கு மேடை பெருமை பேசுகிறார்கள்.

ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து வரும் தொழிலாளியும், நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் வரும் விவசாயக் கூலியும் கேட்கலாம்: "கணக்கு எந்தப் புத்தகத்தில் இருந்தால் என்ன? எந்த இயந்திரத்தில் இருந்தால் என்ன? நமக்கு வேண்டியது மருந்தும் டாக்டரும் அல்லவா?"

மருந்தும் டாக்டரும் வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் எந்தத் தெருவில் வயிற்றுப்போக்கு, எந்த ஆலையில் நெஞ்சு நோய், எந்த ஊரில் பிரசவச் சாவு என்ற கணக்கு சரியாக இல்லாவிட்டால், மருந்து வர வேண்டிய இடத்துக்கு வராது. டாக்டர் வர வேண்டிய நேரத்துக்கு வரமாட்டார். நிவாரணம் யாருக்குச் சேர வேண்டுமோ அவருக்குச் சேராது. கணக்கு என்பது குமாஸ்தாக்களின் விவகாரம் அல்ல. அது நமது உயிர்ப் பிரச்னை.

இதற்கு வெகுதூரம் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. 2020-ஆம் ஆண்டு சென்னையில் நடந்ததை நினைவுபடுத்திக் கொள்வோம்.

கொரோனா தொற்றின் முதல் அலை. ஒவ்வொரு நாள் மாலையும் மாநில சர்க்கார் சாவு எண்ணிக்கையை வெளியிட்டு வந்தது. ஜூன் மாதத்தில் ஓர் உண்மை வெளிப்பட்டது. சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் இருந்த கொரோனா சாவுகளில் பல, மாநில சர்க்காரின் பட்டியலில் இல்லை! மாநகராட்சியிடம் ஒரு கணக்கு, சர்க்காரிடம் இன்னொரு கணக்கு. பத்திரிகைகளும் எதிர்க்கட்சிகளும் கேள்வி எழுப்பிய பிறகு, இரண்டையும் ஒத்துப் பார்க்க ஒரு கமிட்டி போடப்பட்டது. 2020 ஜூலை 22-ஆம் தேதி, விட்டுப்போன 444 சாவுகள் ஒரே நாளில் கணக்கில் சேர்க்கப்பட்டன.

நானூற்று நாற்பத்து நாலு பேர்! இவர்கள் கண்காணாத காட்டில் மாண்டவர்கள் அல்ல. தலைநகரில் மாண்டவர்கள். ஆஸ்பத்திரி இருந்தது, மாநகராட்சிப் பதிவேடு இருந்தது, கம்ப்யூட்டரும் இருந்தது. அப்படியிருந்தும் ஏன் விட்டுப்போயிற்று? ஆஸ்பத்திரியின் கணக்கு ஒரு வழியில் போயிற்று. மாநகராட்சியின் கணக்கு வேறு வழியில் போயிற்று. இரண்டும் சந்திக்கும் இடத்தில், இரண்டையும் ஒத்துப் பார்க்கும் பொறுப்பு யாருடையது என்று ஒழுங்கு செய்யப்படவில்லை.

சாவு கணக்கில் ஏறினால் என்ன, ஏறாவிட்டால் என்ன என்று கேட்க முடியாது. 2021-ல் சுப்ரீம் கோர்ட்டின் தலையீட்டின் பேரில், கொரோனாவில் இறந்தவரின் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் நிவாரணம் என்று தீர்மானமாயிற்று. அப்போதுதான் பல ஏழைக் குடும்பங்களுக்கு விஷயம் உறைத்தது. சர்ட்டிபிகேட்டில் கொரோனா என்று இருந்தவர்களுக்கு வழி எளிது. இல்லாதவர்கள் மனுவைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டியிருந்தது. பணக்காரன் வீட்டில் டாக்டர் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார். காகிதம் தானாகச் சரியாகிவிடும். கூலிக்காரன் வீட்டில் காகிதம் தவறினால் தவறியதுதான்.

ஆகவே, சுகாதாரக் கணக்கை நவீனப்படுத்துவது என்ற விஷயத்தில் தொழிலாளி வர்க்கத்துக்கு ஓர் அபிப்பிராயம் இருக்க வேண்டும். அதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

*கணக்கு நமது ஆயுதம்*

1842-ல் இங்கிலாந்தில் எட்வின் சாட்விக் என்ற அதிகாரி ஓர் அறிக்கை வெளியிட்டார். லிவர்பூல் நகரத்தில் கனவான்கள் சராசரியாக 35 வயதில் இறந்தார்கள். கூலித் தொழிலாளர்கள் சராசரியாக 15 வயதில் இறந்தார்கள் என்று அதில் கண்டிருந்தது. பச்சைக் குழந்தைகளின் சாவு அவ்வளவு அதிகம். சாட்விக் தொழிலாளிகளின் தோழர் அல்ல; முதலாளித்துவ அரசின் அதிகாரி. ஆனால் அந்த எண்கள் உண்மையைப் பேசின. மூன்று ஆண்டுகள் கழித்து, 1845-ல், இங்கிலாந்துத் தொழிலாளர்களின் நிலைமையைப் பற்றி எங்கெல்ஸ் எழுதிய நூலில் இந்த எண்களையே எடுத்து முதலாளி வர்க்கத்தின் முன் வைத்துக் குற்றம் சாட்டினார். மார்க்ஸும் "மூலதனம்" நூலில் சர்க்கார் சுகாதார அதிகாரிகளின் அறிக்கைகளைப் பக்கம் பக்கமாகப் பயன்படுத்தினார்.

அந்த எண்கள் எழுதப்படாமலே போயிருந்தால்? கொடுமை இருந்திருக்கும், சாட்சி இருந்திருக்காது. கணக்கு என்பது சாட்சி. சாட்சியை அழிக்க விரும்புகிறவன் முதலாளி. சாட்சி நிலைக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் நாம்.

நமது மாகாணத்துக்கும் இதில் ஒரு பாரம்பரியம் உண்டு. 1939-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. தொற்றுநோய் கண்டால் தெரிவிக்க வேண்டும், ஸ்தல ஸ்தாபனங்கள் சுகாதார அதிகாரிகளை வைத்துக்கொள்ள வேண்டும் என்றது அச்சட்டம். பிரசவத்தில் இறக்கும் ஒவ்வொரு தாயின் சாவையும் தனித்தனியே விசாரிக்கும் வழக்கமும் இங்கு நெடுங்காலமாக இருக்கிறது. அதன் பலன் தெரிகிறது. 2018-20 கணக்கின்படி, ஒரு லட்சம் பிரசவத்துக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54 பேர். இந்த 54-ம் அதிகம்தான். ஆனால் எந்தத் தாய், எந்த ஊர், என்ன காரணம் என்று கேட்டுக் கேட்டு எழுதியதனால்தான் இவ்வளவாவது குறைந்தது.

*இயந்திரத்தால் நன்மை உண்டு*

நாம் இயந்திரத்துக்கு விரோதிகள் அல்ல. விசைத்தறியை உடைப்பதால் பசி தீராது என்று கற்றுக்கொண்ட வர்க்கம் நாம்.

நோய்க் கண்காணிப்புக்காக 2004-ல் மத்திய சர்க்கார் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதில் மூன்று படிவங்கள். களத்தில் சுற்றும் சுகாதார ஊழியர், கண்ணால் கண்ட காய்ச்சலையும் பேதியையும் ஒரு படிவத்தில் எழுதுவார். டாக்டர், இன்ன நோய் என்று தாம் கருதுவதை இன்னொன்றில் எழுதுவார். பரிசோதனைச் சாலை, நிச்சயமாகக் கண்டுபிடித்ததை மூன்றாவதில் எழுதும். இவை வாரத்துக்கு ஒரு முறை காகிதத்தில் ஜில்லா தலைநகருக்குப் போகும். அங்கே கூட்டிப் பார்த்து "இன்ன ஊரில் பேதி" என்று தெரிந்துகொள்வதற்குள் ஊரில் பாதிப் பேர் படுத்திருப்பார்கள். 2021 முதல் இதே கணக்கு நாள்தோறும் கம்ப்யூட்டர் மூலம் போகிறது. ஒரு காலனியில் திங்கட்கிழமை பத்துப் பேருக்குப் பேதி என்று ஏறினால், செவ்வாய்க்கிழமையே தண்ணீர்க் குழாயைச் சோதிக்க முடியும். இது நன்மைதான். வரவேற்கிறோம்.

ஆனால் நவீனம் என்றால் விலை உயர்ந்த இயந்திரம் என்று அர்த்தமல்ல. 2022-ல் தமிழ்நாட்டில் காசநோய்ச் சாவைக் குறைக்க ஒரு திட்டம் தொடங்கியது. நோய் என்று தெரிந்தவுடன் சில விஷயங்களை மட்டும் பார்க்கிறார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா? காலில் வீக்கம் உண்டா? மூச்சு எப்படி? ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு? பிடிமானமின்றி நிற்க முடிகிறதா? இதை எழுத ஒரு சீட்டுப் போதும். நிலைமை மோசம் என்று கண்டால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். ஒரு சிறு சீட்டு உயிரைக் காக்கிறது. ஏன்? எழுதியதற்குப் பின்னால் ஒரு படுக்கையும் ஒரு டாக்டரும் இருப்பதால்தான். எழுதி முடித்தவுடன் விஷயம் முடிந்துவிட்டால், கோடி ரூபாய் இயந்திரமும் வெறும் தகர டப்பாதான்.

*செவிலியரின் முதுகில் இரட்டைச் சுமை*

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 8,700-க்கு மேற்பட்ட துணை சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. ஏறத்தாழ ஐயாயிரம் ஜனங்களுக்கு ஒரு கிராம சுகாதார செவிலியர் என்பது ஏற்பாடு. கர்ப்பிணிகளைப் பார்க்க வேண்டும், தடுப்பூசி போட வேண்டும், பிரசவமான வீட்டுக்குப் போக வேண்டும். இவ்வளவையும் செய்து, கர்ப்பிணிகளைப் பதியும் "பிக்மி"யில் ஏற்ற வேண்டும், வேறு இணையதளங்களில் ஏற்ற வேண்டும், நோட்டிலும் எழுத வேண்டும். ஒரே கர்ப்பிணியின் பெயரை எத்தனை இடத்தில் எழுதுவது? பகலில் சிக்னல் கிடைக்காது. சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும். ராத்திரி வீட்டில் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்து ஏற்றுகிறார்கள். இந்தக் குறையைச் செவிலியர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். காலியிடங்கள் நிரப்பப்படாத ஊர்களில், பக்கத்துச் செவிலியரின் தலையில் இன்னொரு ஐயாயிரம் ஜனங்களும் ஏறுகிறார்கள்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்திலும் இதே கதைதான். திட்டம் நல்லது. வீட்டுக்கே மாத்திரை வருகிறது. ஆனால் அதைச் சுமந்துவரும் பெண்கள் யார்? மகளிர் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்ட ஏழைப் பெண்கள். அவர்களுக்கு "தன்னார்வலர்" என்று பெயர்; சம்பளம் என்று பெயரிடாத ஊக்கத்தொகை. நிரந்தரம் கிடையாது. ஆனால் மாநிலத்தின் நோய்க் கணக்கே அவர்கள் விரல் நுனியில்தான் நிற்கிறது! இலக்கு எட்டவில்லை என்று மேலதிகாரி மிரட்டினால், பார்க்காத வீட்டையும் பார்த்ததாக எழுதும்படி நெருக்கடி வராதா? பொய்க் கணக்கின் வேர் ஊழியரின் நாணயமின்மையில் இல்லை. அவர்கள் மீது ஏற்றப்படும் பளுவில் இருக்கிறது.

பதிவு என்பது உரிமைக்கு வாசலாக இருக்க வேண்டும், பூட்டாகிவிடக் கூடாது. கர்ப்ப காலப் பதிவு எண் இருந்தால்தான் குழந்தையின் பிறப்புச் சர்ட்டிபிகேட் என்று 2017-ல் இங்கே விதி கொண்டு வந்தார்கள். நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் செங்கல் சூளையிலிருந்து சூளைக்கும், கரும்பு வெட்டுக்காக ஊரிலிருந்து ஊருக்கும் போகும் பெண் எந்த ஊரில் பதிவாள்? ஒரிஸ்ஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் கோவைக்கும் திருப்பூருக்கும் வந்து பஞ்சாலை விடுதியில் கிடக்கும் தொழிலாளி எந்த மொழியில் விவரம் சொல்வாள்? எண் இல்லை என்று அவளைத் திருப்பி அனுப்பும் கம்ப்யூட்டர் நமக்கு வேண்டாம். ஊர் மாறினாலும் அவளைத் தேடி வரும் கம்ப்யூட்டர்தான் வேண்டும்.

*எதை எழுதுவதில்லை?*

எதை எழுதுகிறார்கள் என்பதைப் போலவே, எதை எழுதுவதில்லை என்பதும் முக்கியம்.

இந்தியாவில் 2020-ல் பதிவான சாவுகளில், காரணம் இன்னதென்று டாக்டர் சான்றளித்தவை நூற்றுக்குச் சுமார் 22 மட்டுமே. மற்ற 78 பேர் எதனால் செத்தார்கள்? சர்க்காருக்குத் தெரியாது. "வயசாகிவிட்டது", "நெஞ்சுவலி" என்று வீட்டார் சொன்னதுதான் கணக்கு.

பஞ்சாலையில் மிக்ஸிங்கிலும் கார்டிங்கிலும் வேலை செய்கிறவர்களுக்குப் பஞ்சுத் தூசியால் வரும் நெஞ்சு நோய் புதிதல்ல. வார விடுமுறை கழிந்து வேலைக்கு வரும் நாளில் நெஞ்சு இறுகும்; வருஷம் செல்லச் செல்ல எல்லா நாளும் இறுகும். இது கண்டால் நிர்வாகமும் டாக்டரும் சர்க்காருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்தது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும், தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியல் இருக்கிறது. பட்டியல் இருந்து என்ன? "ஆஸ்துமா", "புகைபிடிக்கும் பழக்கம்" என்று சீட்டில் எழுதிவிட்டால் முதலாளிக்கு நஷ்ட ஈடு மிச்சம். நோயாளி எங்கே வேலை செய்கிறார், எத்தனை ஆண்டு, எந்தப் பிரிவில் என்ற ஒரு கேள்வியை ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் சேர்க்க எவ்வளவு செலவாகும்? ஒரு காசும் ஆகாது. ஆனால் அந்த ஒரு கேள்வி பல ஆலைகளின் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றிவிடும்!

வயல்காட்டிலும் இதே நிலைமை. 2024-ல் தமிழ்நாடு சர்க்கார் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. நல்ல அறிவிப்பு. ஆனால் வரப்பில் சுருண்டு விழுந்த கூலியின் சாவை "மாரடைப்பு" என்றோ "இயற்கை மரணம்" என்றோ எழுதினால், அந்த 4 லட்சம் யாருக்கு? பூச்சிமருந்து அடிக்கும்போது மயங்கி விழுந்தவன், சேற்றில் நின்று எலிக்காய்ச்சல் கண்டவள் எல்லோருடைய கதையும் இதுதான். கணக்கில் ஏறாத நோய்க்குப் பரிகாரமும் இல்லை, பொறுப்பாளியும் இல்லை.

*சாவி யார் கையில்?*

இன்னொரு அபாயமும் உண்டு. 2021 செப்டம்பரில் மத்திய சர்க்கார் நாடு முழுவதற்கும் டிஜிட்டல் சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கியது. ஆளுக்கு ஆள் 14 இலக்க எண். அது விருப்பத்தின் பேரில்தான், கட்டாயமல்ல என்பது சர்க்காரின் சொல். ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்கும் வரிசையில் நிற்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்? "போனைக் கொடு, நம்பரைச் சொல்" என்றால் கொடுத்துவிடுகிறோம்.

நமது நோய் விவரம் யாருக்குத் தேவை? டாக்டருக்குத் தேவை, நமது நன்மைக்காக. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தேவை, பிரீமியத்தை உயர்த்துவதற்கு. மருந்துக் கம்பெனிக்கும் தேவை, சரக்கு விற்பதற்கு. ஆலை நிர்வாகத்துக்கும் தேவை, நெஞ்சு நோய்க்காரனை முன்கூட்டியே கழித்துக் கட்டுவதற்கு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அதன் பின் 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டமோ சர்க்காருக்கே பல விதிவிலக்குகளைக் கொடுத்தது. போதாததற்கு, தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவையும் குறுக்கிவிட்டது. அதாவது, நம்மைப் பற்றிய விவரம் அவர்களுக்குத் தெரியும். அவர்களைப் பற்றிய விவரம் நமக்குக் கிடைக்காது. இது தலைகீழ் நியாயம்!

பூட்டும் பலமில்லை. 2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களை விஷமிகள் முடக்கினார்கள். ஏறக்குறைய இரண்டு வாரங்கள் நாட்டின் பெரிய ஆஸ்பத்திரி காகிதத்தில் எழுதி வேலை செய்தது. தலைநகரிலேயே இப்படி என்றால், ஒரு நகராட்சியின் சுகாதாரப் பிரிவு என்ன பாதுகாப்புடன் இருக்கும்?

*நாம் கோருவது என்ன?*

நவீனப்படுத்துவதை எதிர்ப்பது நமது கொள்கை அல்ல. அது யாருக்காக, யார் செலவில், யார் கண்காணிப்பில் என்பதே கேள்வி. ஆகவே கோருகிறோம்:

1. ஒரு விவரத்தை ஒரு முறை எழுதினால் போதும் என்ற ஏற்பாடு வேண்டும். ஆஸ்பத்திரி, ஸ்தல ஸ்தாபனம், மாநில இலாகா ஆகியவற்றின் கணக்குகளை மாதாமாதம் ஒத்துப் பார்த்து, வித்தியாசத்தை ஜனங்களுக்கு வெளியிட வேண்டும்.

2. காலியான செவிலியர், சுகாதார ஆய்வாளர் இடங்களை நிரப்ப வேண்டும். பதிவு வேலைக்குத் தனி ஊழியர் போட வேண்டும். கருவியும் இணையச் செலவும் சர்க்காருடையதாக இருக்க வேண்டும்.

3. "தன்னார்வலர்" என்ற பெயரில் வேலை வாங்குவதை நிறுத்தி, அந்தப் பெண்களை ஊழியர்களாக அங்கீகரித்துச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

4. எண் இல்லை, கார்டு இல்லை என்ற காரணத்தால் எவருக்கும் சிகிச்சையோ சர்ட்டிபிகேட்டோ மறுக்கக் கூடாது.

5. நோயாளியின் தொழிலையும் வேலையிடத்தையும் ஆஸ்பத்திரிப் பதிவில் கட்டாயம் எழுத வேண்டும். ஆலைவாரியாகத் தொழில் நோய்க் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தனியார் ஆஸ்பத்திரிகளும் கணக்குக் கொடுத்தாக வேண்டும்.

6. நோயாளியின் பெயர் விவரம் எந்தக் கம்பெனிக்கும், எந்த முதலாளிக்கும் போகக் கூடாது. பெயரில்லாத மொத்தக் கணக்கோ வார்டுவாரியாக, ஊர்வாரியாக அறிவிப்புப் பலகையில் தமிழில் தொங்க வேண்டும்.

*நமது வேலை*

சர்க்கார் தானாகச் செய்யும் என்று காத்திருக்க முடியாது. நமது சங்கங்களுக்கு இதில் உடனடி வேலை இருக்கிறது.

நமது வீட்டில் சாவு நேர்ந்தால் 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஆஸ்பத்திரியில் இறந்தால், காரணம் எழுதிய சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்குக் கொடுக்க வேண்டும் என்று 2023-ல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. துக்கத்தில் இருக்கும் குடும்பம் இதைக் கேட்க மறந்துவிடும். சங்கத் தோழர் ஒருவர் உடன் போக வேண்டும். கேட்டு வாங்க வேண்டும். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்க வேண்டும். தவறாக இருந்தால் அங்கேயே எழுத்து மூலம் ஆட்சேபிக்க வேண்டும்.

ஒவ்வொரு ஆலைச் சங்கமும் ஒரு நோட்டுப் போட வேண்டும். எந்தப் பிரிவில் யாருக்கு நெஞ்சு நோய், யாருக்கு விரல் போயிற்று, யார் வேலையிலேயே விழுந்தார் என்று அதில் எழுத வேண்டும். விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள், வெயிலிலும் பூச்சிமருந்திலும் விழுந்தவர்களை எழுத வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அங்கே எழுந்து நின்று, "நமது ஊரில் இந்த ஆண்டு எத்தனை சாவு? என்ன காரணம்? உங்கள் கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது?" என்று கேட்க வேண்டும். நமது நோட்டும் அவர்கள் கம்ப்யூட்டரும் ஒத்துப்போகிறதா என்று ஊரறியப் பார்க்க வேண்டும்.

செவிலியரும் தன்னார்வலர் பெண்களும் நமக்கு எதிரிகள் அல்ல. அவர்களும் உழைப்பாளிகளே. அவர்களுடைய போராட்டத்தில் நாம் துணை நின்றால், நமது கணக்கு சரியாக ஏறும்.

2020-ல் விட்டுப்போன 444 பேர், கேள்வி எழுந்ததனால்தான் கணக்கில் வந்தார்கள். கேள்வி எழாத ஊர்களில் விட்டுப்போனவர்கள் எத்தனை பேரோ! எந்த இயந்திரமும் தானாக உண்மை பேசாது. உழைக்கும் மக்கள் கேட்டால்தான் பேசும்.

தோழர்களே, கேளுங்கள்! சேர்ந்து கேளுங்கள்! நமது நோயும் நமது சாவும் கணக்கில் ஏறும் வரை கேளுங்கள்!